வையாத சாமியும் வாயத் தொறக்காத நானும்

மொதல்ல என் வெக்கக்கேட்டச் சொல்லிர்றேன். நான் உபதேசியாரா வேலைக்குச் சேந்து மொத மொதலா தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்குப் பிரசங்கம் பண்ணது உடப்புசல்லாவைப் பக்கம். தை மாசம். புல்லு மேல பனி உறைஞ்சு உப்பு தூவுன மாதிரி கெடந்துச்சு. விடியக்காலையில வேலைக்குப் பேரு குடுக்க சனங்க கூடுற பெரட்டுக் களத்துல ஒரு கல்லு மேல ஏறி நின்னுக்கிட்டு, நரகத்தப் பத்தி வெளுத்து வாங்குனேன். பல்லு தந்தியடிக்குது, ஆனா வாயி மட்டும் எரிநெருப்பு, கந்தகம்னு கொதிக்குது.

கருப்புக் கம்பளியத் தலையோட போத்திக்கிட்டு ஒரு கெழவரு முன்னால நின்னாரு. நான் சொல்லச் சொல்ல இன்னும் கிட்ட வந்தாரு. அடடா, பாவ உணர்வு வந்துருச்சுன்னு எனக்கு ஒரே பூரிப்பு.

"சாமி, அந்த நெருப்பு ராத்திரியிலயும் எரியுமா?"

"அணையவே அணையாதுய்யா!"

"வெறகு யாரு குடுக்கிறது? தொரையா?"

பெரட்டே சிரிச்சுச்சு. பின்னால ஒரு பொம்பள, "அப்ப நம்ம எல்லாரும் அங்கயே பேரு பதிஞ்சுருவோம் மாமா, இங்க வெறகுக்கு அலைய முடியல"ன்னா. கணக்கப்புள்ளையும் சிரிச்சுட்டாரு. நான் கல்லுலருந்து எறங்குறப்ப பனியில வழுக்கி உக்காந்துட்டேன். அதுக்கும் ஒரு சிரிப்பு.

இத இப்ப ஏன் எழுதுறேன்னா, போன மாசம் புதுசா வேலைக்கு வந்த ரெண்டு தம்பிமாரு என் வீட்டுக்கு வந்தாங்க. ஜீப்பு மேல லவுட்ஸ்பீக்கர் கட்டியிருக்காங்க. அதுல "பாவிகளே"ன்னு ஒரு சத்தம் போட்டா எதுத்த மலையில சனங்க குடியிருக்கிற லயத்துக்குக் கேக்குமாம். "அண்ணே, நீங்க அந்தக் காலத்துல தொண்டையாலயே ஊழியம் பண்ணீங்களே, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, நம்ம சபைப் பத்திரிகையில போடுறோம்"னாங்க. தொண்ட போனதாலதான் எனக்கு அம்பது வயசு முடியிறதுக்குள்ள ஓய்வு குடுத்து அனுப்புனாங்க. தம்பிமாருக்கு அது தெரியாது போல. டொக்டரு இனிமே சத்தமாப் பேசக்கூடாதுன்னுட்டாரு. என் வீட்டுக்காரி, "எப்ப சத்தமாப் பேசுனீங்க, இனிமே பேசாம இருக்கிறதுக்கு?"ன்னு கேட்டா. அவ கேட்டதுல ஒரு அர்த்தம் இருக்கு. கடைசியில தெரியும்.

படிப்பு, பயிற்சி பத்தியெல்லாம் பெருசா சொல்ல ஒன்னும் இல்ல. ரெண்டு வருசம் வேதம் படிச்சோம், பாட்டு படிச்சோம், அவிச்ச மரவள்ளிக்கெழங்கு தின்னோம். கேள்வி கேட்டா எப்படிப் பதில் சொல்றதுன்னு படிச்சுக் குடுத்தாங்க. கேள்வியே கேக்காம ஒருத்தன் சும்மா பாத்துக்கிட்டு நின்னா என்ன பண்றதுன்னு யாரும் படிச்சுக் குடுக்கல.

வேலைய நான் கத்துக்கிட்டது லயத்து வாசல்லதான். ஒரு தோட்டத்துக்குள்ள போறதுன்னா மொதல்ல தொரைகிட்ட உத்தரவு, அப்புறம் பெரிய கங்காணிக்கு ஒரு கும்புடு. இது ரெண்டும் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா, எந்த நேரம் போறதுங்கிறதுதான். கொழுந்து நிறுத்துட்டு வந்த பொம்பளைங்க அடுப்பு பத்த வைக்கிற நேரத்துல போவக்கூடாது. ஈர வெறக ஊதிக்கிட்டு, கண்ணுல தண்ணி ஊத்த இருக்கிறவங்களுக்கு ஆண்டவரே நேர்ல வந்தாலும் "செத்த நேரம் பொறுங்க"ன்னுதான் சொல்லுவாங்க. பொகை அடங்கணும். புள்ளைங்க தின்னு முடிக்கணும். அப்பப் போவணும். போனாலும் அவங்க இருக்கிற காம்பராவுக்குள்ள காலு வைக்கக்கூடாது. வெளிய இஸ்தோப்புத் திண்ணையில நிக்கணும். சாக்கு விரிச்சா உக்காரணும், விரிக்கலன்னா நின்னுட்டு வந்துரணும். தேத்தண்ணி குடுத்தா எப்பேர்ப்பட்ட தேத்தண்ணியா இருந்தாலும் குடிச்சுறணும். சொவத்துல உள்ள சாமிப் படத்தப் பாக்கக்கூடாது. அந்தப் படத்தப் பாத்தீங்கன்னா அவங்க உங்க மூஞ்சியப் பாப்பாங்க, உங்க மூஞ்சியில அப்ப என்ன இருக்கும்னு உங்களுக்கே தெரியாது. மொதத் தடவ போறப்ப புத்தகத்தப் பையிலருந்து எடுக்கவே வேணாம். யாருக்குச் சொகமில்லன்னு கேட்டா போதும். எந்த லயத்துலயும் யாராச்சும் ஒருத்தர் சொகமில்லாமத்தான் இருப்பாங்க.

அந்தக் கெழவரு அன்னைக்கு என்னையப் பாத்துச் சனத்தச் சிரிக்க வச்சதோட நரகத்த நான் விட்டுட்டேன். பெரிய ஞானம் வந்து விடல. எங்க போனாலும் வெறகு கேப்பாங்கன்னு பயம். அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா யோசன வந்துச்சு. ஓட்டும் கெடையாது, நாடும் கெடையாதுன்னு இலங்கைச் சர்க்காரு சொல்லியிருந்த காலம் அது. இங்க உள்ளவன் இந்தியாவுக்குப் போன்னான். இந்தியாக்காரன் நீ யாருன்னான். எல்லாரும் வெளிய போன்னு சொல்ற சனங்ககிட்ட நாங்களும் மலை ஏறிப் போயி, செத்தப்புறம் இன்னொரு எடத்துக்குப் போவீங்கன்னு சொன்னா அது என்ன நல்ல செய்தி?

எங்களுக்கு மேல பாதிரி ஐயர் ஒருத்தர் இருந்தாரு. யாழ்ப்பாணத்துக்காரரு. வெள்ளை அங்கியில ஒரு பொட்டு சேறு இருக்காது. இந்த மலையில சேறு படாம நடக்கிறதே ஒரு அற்புதம்தான். குரல ஒசத்திப் பேசவே மாட்டாரு. திட்டவும் மாட்டாரு. கண்ணாடியக் கழட்டித் தொடைப்பாரு, தொடைச்சு முடிச்சு மாட்டுறப்ப ஒரு முடிவு சொல்லுவாரு. அவரு கெட்டவரு இல்ல. அதுதான் கஷ்டம். திம்புள்ளையில வயித்துப்போக்கு வந்து லயம் லயமாச் சனங்க படுத்தப்ப, கங்காணிமாரே எட்டிப் பாக்காத காம்பராவுக்கெல்லாம் மழையில நடந்து போயி கஞ்சி ஊத்துனவரு. தன் கம்பளியக் கழட்டிக் குடுத்துட்டு நடுங்கிக்கிட்டே வந்ததையும் பாத்திருக்கேன். கஞ்சி ஊத்துன ஆளுங்ககிட்டயே, "நீங்கள் கும்பிடுறது பிசாசு, அதை விடாட்டி அழிஞ்சு போவியள்"னும் சொல்லுவாரு. ரெண்டையும் ஒரே அன்போடதான் சொல்றதா அவரு நெனச்சாரு.

திங்கக்கெழம திங்கக்கெழம அட்டன்ல அவரு பங்களாவுல உபதேசியாருங்க கூடுவோம். அவரு உக்காந்து இஞ்சி போட்ட சுடுதண்ணி குடிப்பாரு. நாங்க நிப்போம். போன வாரம் எங்க போனோம், என்ன நடந்துச்சுன்னு ஒவ்வொருத்தரும் சொல்லணும். என் முறை வந்தா மத்தவங்க சிரிக்கிறதுக்குத் தயாரா நிப்பாங்க. ஐயரு மட்டும் சிரிச்சதே இல்ல. "உபதேசியார், நீர் சனத்தைச் சிரிக்க வைக்கிறீர். சிரிக்கிற ஆக்கள் மனந்திரும்ப மாட்டினம்"னு ஒரு தடவ சொன்னாரு. அன்னையிலருந்து எனக்கு ஒரு கிறுக்கு ஆச. இந்த மனுசன ஒரே ஒரு தடவயாச்சும் சிரிக்க வச்சிரணும். அந்த ஆசதான் எல்லாத்தையும் கெடுத்துச்சு.

வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோர்ல கருப்பையான்னு ஒருத்தர் இருந்தாரு. தேத்தூள் ஆக்குற அந்த ஸ்டோருக்குள்ள ரோலர்ல வேல. என்னைய விட மூத்தவரு, அண்ணேன்னுதான் கூப்புடுவேன். ஸ்டோருக்குப் பின்னால ஒரு கல்லு நட்டிருக்கும். ரோதமுனி. ஸ்டோர் மிசின் ரோதையெல்லாம் ஒழுங்கா சுத்தணும், யாரு கையையும் அது இழுத்துக்கக் கூடாதுன்னு காவலுக்கு வச்ச சாமி. அவங்கப்பா நட்ட கல்லு. கொழுந்து சீசன் தொடங்குறப்ப கருப்பையா அண்ணன்தான் தேங்கா ஒடச்சு மணியடிச்சு வெளக்கு ஏத்தணும். அப்புறம்தான் ரோதைய ஓட்டுவாங்க. ஓடுற பட்டிக்குப் பக்கத்துல கைய விட்டு வேல பாக்கிறவன் பயத்துக்கு ஒரு கல்லு நட்டிருக்கான், அவ்வளவுதான்னு நான் விட்டுட்டேன்.

அவரு சம்சாரம் செல்லம்மாவுக்கு மாருல கட்டி வந்து காய்ச்சல்ல கெடந்தப்ப, தேத்தூள் லொறியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். கங்காணி, டிரைவர், நர்ஸு எல்லாருகிட்டயும் பல்லக் காட்டி வேல நடத்துறதுல நான் கெட்டிக்காரன். அந்தம்மா தேறி வந்தப்புறம் ஒரு சாயங்காலம் கருப்பையா அண்ணன் இஸ்தோப்புல சாக்கு விரிச்சுப் போட்டுட்டு, "உங்க சாமி கதையச் சொல்லுங்க கேப்போம்"னாரு. சொன்னேன். சிலுவையில அறைஞ்ச எடத்துக்கு வந்தப்ப நிறுத்தச் சொன்னாரு.

"அறைஞ்சவனுகள என்ன பண்ணாரு?"

"ஒன்னும் பண்ணல. மன்னிச்சிருங்கன்னு கேட்டுக்கிட்டாரு."

"வையல?"

"வையல."

"ஒரு வார்த்த?"

"ஒரு வார்த்த கூட இல்லண்ணே."

"எங்கள வேல வாங்குற கண்டாக்கையா ஒரு வாளி கவுந்ததுக்கே எங்க ஆத்தாள இழுத்து வையிறாரு. வையாத சாமின்னா நல்ல சாமிதான்"னாரு. செல்லம்மா உள்ள இருந்து, "அப்ப நீங்களும் வையாம இருந்து பழகுங்க"ன்னா.

ஞானஸ்நானம் எடுக்கணும்னு அவராவே கேட்க ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. நான் அவசரப்படுத்தல. "ரோதமுனிய என்ன பண்றது உபதேசியாரே?"ன்னு கேட்டாரு. "நீங்களே முடிவு பண்ணுங்க"ன்னேன். அவரு பண்ண முடிவு எனக்கு இன்னைக்கு வரைக்கும் மறக்கல. பூசைய அவரு தம்பி மாரிமுத்துகிட்ட ஒப்படைக்கிறதுன்னு தீர்மானிச்சாரு.

ஒப்படைக்கிற அன்னைக்குக் குளிச்சுட்டு மணிய சாம்பல் போட்டு விளக்குனாரு. தட்டுல வெத்தல பாக்கு, மணி, வெளக்கு எல்லாம் வச்சாரு. கல்லு முன்னால நின்னு, "இத்தன நாளு எங்க கையக் காப்பாத்துனதுக்குச் சந்தோசம். நான் வேற எடத்துக்குப் போறேன். தம்பி பாத்துக்குவான். கோவிச்சுக்காத"ன்னாரு. ஒரு வீட்டுல நெடுநாள் குடியிருந்துட்டு சாவியக் குடுக்கிற மாதிரி இருந்துச்சு. மாரிமுத்து நேரா ரோலர்லருந்து வந்ததால கையெல்லாம் எண்ணெய். சாக்குல தொடைக்கப் போனான். தட்டோட நின்ன அண்ணன் பக்கத்துல இருந்த என் கையில குடுத்துட்டாரு. நானும் வாங்கிட்டேன்.

மாரிமுத்து திரும்பி வந்து என்னையப் பாத்துச் சிரிச்சான். "உபதேசியாரே, தட்டு உங்க கைக்கு நல்லாப் பொருந்துதே. வேல மாறிக்கிறீங்களா? சம்பளம் கெடையாது, தேங்காமூடி கெடைக்கும்." கருப்பையா அண்ணனும் சிரிச்சாரு. யாருக்கும் மனசுல கீறல் இல்லாம அந்த வேல முடிஞ்சுச்சு. நான் செஞ்ச ஊழியத்துலயே நல்ல ஊழியம் அதுதான். ஒரு பூசாரி தன் சொந்தபந்தத்தோட சிரிச்சுப் பேசிக்கிட்டே ஆண்டவருகிட்ட வந்தாரு.

திங்கக்கெழம என் முறை வந்துச்சு. அடக்கமா ரெண்டு வரி சொல்லிட்டு நின்னுருக்கலாம். எனக்குத்தான் ஐயரச் சிரிக்க வைக்கணுமே. கையும் காலும் வச்சு, தட்டு கைமாறுனது, தேங்காமூடி, எல்லாத்தையும் நடிச்சே காட்டிட்டேன். உபதேசியாருங்க குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. ஐயரு கிளாஸக் கீழ வச்சாரு. கண்ணாடியக் கழட்டுனாரு.

"தட்டு ஆர் பிடிச்சது?"

"நான்தாங்க ஐயா... ஒரு நிமிசம்..."

"பிசாசின்ட தட்டை நீர் பிடிச்சனீர்." தொடைச்சாரு. மாட்டுனாரு. "ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்கு முதல் நான் அந்த ஸ்டோருக்கு வாறன். அந்த மனுசன் தன்ட வாயால அது பிசாசு எண்டு சொல்லவேணும். தன்ட கையால பிடுங்கி ஆத்தில போடவேணும். நீர் பக்கத்தில நிண்டு அவருக்கு எடுத்துச் சொல்லும். அதுக்குப் பிறகு உம்மட விசயத்தை யோசிப்பம்."

என் விசயம்னா வேல. வேலன்னா வீடு. வீடு சபை வீடு. உள்ள வீட்டுக்காரியும் மூனு புள்ளைகளும்.

நான் சனிக்கெழம கருப்பையா அண்ணன்கிட்டப் போயி, ஐயரு ஸ்டோருக்கு வருவாரு, ரெண்டு வார்த்த கேப்பாரு, பயப்படாதீங்கன்னு மட்டும் சொன்னேன். மிச்சத்தச் சொல்ல வாய் வரல. அதுக்குப் பதிலா ஞானஸ்நானத்துக்குப் போட்டுக்கிறதுக்குன்னு ஒரு வெள்ளச் சட்ட வாங்கிக் குடுத்தேன். செல்லம்மா அதக் கண்ணுல ஒத்திக்கிட்டா.

ஞாயித்துக்கெழம ரோதை நின்னு ஸ்டோரே அமைதியா இருந்துச்சு. லயத்துச் சனம் பாதி வந்துருச்சு, வேடிக்க பாக்க. கருப்பையா அண்ணன் வெள்ளச் சட்டையில மாப்பிள்ள மாதிரி நின்னாரு. ஐயரு குடைய மடக்கி அதோட நுனியால கல்லக் காட்டுனாரு. அதுக்குப் பக்கத்துல கல்லு புடுங்குற அலவாங்கு ஒன்னு சாத்தியிருந்துச்சு. அவரே கொண்டு வரச் சொல்லியிருந்தாரு.

"இது என்ன எண்டு சொல்லும்."

"கல்லுங்க சாமி."

"பிசாசு எண்டு சொல்லும்."

அண்ணன் கல்லப் பாத்தாரு. தம்பியப் பாத்தாரு. மாரிமுத்து தலையக் குனிஞ்சிக்கிட்டான். அன்னைக்குப் புதுசா வாங்குன பூசைய மறுவாரமே புடுங்கப் போறாங்கன்னு அவனுக்குப் புரிஞ்சுபோச்சு.

"சாமி, இது எங்கப்பன் நட்டது. நான் இத விட்டுட்டேன். நெசமாவே விட்டுட்டேன். ஆனா வைய மாட்டேன்."

"வையச் சொல்லேல்லை. உண்மையைச் சொல்லச் சொன்னனான்." ஐயரு குரல் நடுங்குச்சு. கோவத்துல இல்ல. கருப்பையா அண்ணன் உண்மையிலேயே எரிஞ்சு போயிருவாருன்னு அவரு பயந்தாரு. "உம்மட ஆத்துமாவுக்காகத்தான் கேக்கிறன்."

"வையாத சாமிய நம்பித்தானுங்க வந்தேன். வந்துட்டு நான் எப்புடி வையிறது?"

பெரட்டுல சிரிப்பு வந்த அந்த உடப்புசல்லாவை மாதிரி இங்க யாரும் சிரிக்கல. கருப்பையா அண்ணன் சொன்னத விடப் பெரிய பிரசங்கம் அந்த மலையில நான் கேட்டதில்ல. அத அவருக்குக் கத்துக் குடுத்தவன் நான். மார்க்கு போட வேண்டிய வாத்தியாரு பக்கத்துலயே நிக்கிறேன்.

ஐயரு என் பக்கம் திரும்புனாரு. "உபதேசியார், நீர் சொல்லும்."

கருப்பையா அண்ணனும் என்னையப் பாத்தாரு. அவரு மூஞ்சியில ஒரு தெளிவு இருந்துச்சு. இவரு நம்ம ஆளு, இவரு சொல்லிருவாருன்னு.

நான் சொன்னேன். செல்லம்மா காய்ச்சல்ல கெடந்தப்ப எந்தக் குரல்ல பேசுனேனோ அதே குரல்ல, அவரு தோள்ல கைய வச்சு, மெதுவா சொன்னேன். "ஐயா சொல்றபடி செஞ்சிருங்கண்ணே. ஒரு வார்த்ததானே."

அவரு என் கைய எடுத்து வுட்டாரு. வெள்ளச் சட்டையப் பட்டன் பட்டனாக் கழட்டி மடிச்சாரு. அதுல ஒரு கசங்கல் விழாமப் பாத்துக்கிட்டாரு. என் கையில வச்சுட்டு, அந்தக் குளிர்ல வெறும் மேலோட லயத்துப் பக்கம் நடந்தாரு. செல்லம்மா பின்னாலயே போனா. ஐயரு கண்ண மூடிச் செபம் பண்ணாரு. கல்லு அங்கயேதான் இருந்துச்சு, யாரும் புடுங்கல. அலவாங்க எடுத்துக்கிட்டுப் போகக்கூட யாருக்கும் தோணல.

என் வேல போகல. நான் எடுத்துச் சொன்னத ஐயரு பாத்தாருல்ல. அந்தச் சட்டையையும் நான் வீணாக்கல, நானே போட்டுக்கிட்டேன். தோள் கொஞ்சம் லூசு.

கருப்பையா அண்ணன் அப்புறம் எங்க சபைக் கோயிலுக்கு வரல. ரோதமுனிக்கும் வெளக்குப் போடல. மாரிமுத்து போயி, "அண்ணே, நீயே திரும்ப மணியப் புடி"ன்னு கேட்டானாம். "அத விட்டுட்டேன்னு சொன்னது நெசம்டா"ன்னாராம். கூட வேல செய்யிறவங்க அவர வேதக்காரன்னாங்க. எங்க சபையில அவரு பேரே இல்ல. திருவிழாவுக்கு வரி கேட்டு வந்தவங்களும் அவரு காம்பராவத் தாண்டிப் போனாங்க, கிறிஸ்மஸ் பாட்டு பாடிக்கிட்டுப் போன நாங்களும் தாண்டிப் போனோம். வாசல்ல நின்னு பாட்டக் கேட்டுக்கிட்டிருந்தாரு. நான் தலையாட்டுனேன். அவரும் ஆட்டுனாரு.

சில வருசம் கழிச்சு நெஞ்சு வலியில செத்துப்போனாரு. ஐயரு அப்ப மாத்தலாகிப் போயிட்டாரு. கேள்விப்பட்டு நான் போனேன். பொணத்த வெளிய எடுத்து வச்சிருக்காங்க, ஆனா ஒன்னும் நடக்கல. தப்பு அடிக்கிறவங்க அடிக்கிறதா வேணாமான்னு தெரியாம தப்பக் காய்ச்சிக்கிட்டே உக்காந்திருக்காங்க. மாரிமுத்து என்னையக் கண்டதும் ஓடி வந்தான். "உபதேசியாரே, நீங்க செபம் பண்றீங்களா, இல்ல நாங்க தேவாரம் பாடவா? யாராச்சும் ஒன்னு செஞ்சு அனுப்புங்க அவர. பொழுது சாயிது."

ஞானஸ்நானம் எடுக்காதவருக்கு அடக்க ஆராதன செய்ய எனக்கு அதிகாரம் இல்ல. அதனால யாருக்கும் தெரியாத மாதிரி, தலமாட்டுல குனிஞ்சு, ஒரு சின்ன செபம் பண்ணேன். பின்னால நின்ன ஒருத்தன், "என்ன சொல்றாரு? ஒன்னும் கேக்கலயே"ன்னான். அப்புறம் தப்பு அடிச்சுத் தூக்கிட்டுப் போனாங்க.

மண்ணு போட்டுட்டு வந்தப்புறம் கைகால் கழுவ செல்லம்மா தண்ணி எடுத்துக் குடுத்தா. நான் வழக்கம்போல மெதுவா, "அண்ணன் ஆண்டவருகிட்டத்தான் போயிருக்காரு, கவலப்படாதீங்க"ன்னேன். அந்தம்மா செம்ப வாங்கி வச்சுட்டுச் சொன்னது இதுதான்:

"எங்ககிட்ட மெதுவாத்தான் பேசுனீங்க உபதேசியாரே, அதுல கொறையில்ல. அன்னைக்கு அந்த ஐயருகிட்டயாச்சும் கொஞ்சம் சத்தமாப் பேசியிருக்கலாம்ல?"